ஆறு பெயர்க்காரி

சுசீலாபாய்க்கு மொத்தம் ஆறு பெயர். கெட்ட பெயர் இந்தக் கணக்கில் சேராது, அது பிறகு வந்து சேர்ந்தது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நேமத்தைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த விஸ்கி கம்பெனியில் அவள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். லேபிளில் ஸ்காட்லாந்து மலை ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் தாடி வைத்த ஒருவன் பாவாடை கட்டிக்கொண்டு நிற்பான். பெண்கள் அவனைப் பாவாடை மாமன் என்றார்கள். 'பன்னிரண்டு வருடம் மரப்பீப்பாயில் உறங்கியது' என்று மாமனின் காலடியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். கம்பெனி தொடங்கியே எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமை சாராயத்தில் தீய்ந்த சர்க்கரையைக் கலந்து நிறமேற்றினால் செவ்வாய்க்கிழமை காலையில் அதற்குப் பன்னிரண்டு வயது நிரம்பிவிடும். சரக்குக்கு இல்லாத வருடங்களைச் சேர்ப்பதும் ஆட்களுக்கு இருக்கிற வருடங்களை அழிப்பதும் அந்தக் கம்பெனிக்குக் கைவந்த கலை.

அழிக்கிற வித்தை எப்படியென்றால், ஒருவர் ஒரு வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அவரை நினைத்தபோது வெளியே தள்ள முடியாது என்று சட்டம். டெல்லியில் உட்கார்ந்து யாரோ நல்ல மனசோடு எழுதியது. கம்பெனியும் அதே நல்ல மனசோடு, இருநூற்று முப்பத்தெட்டாவது நாள் தற்காலிகப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். இரண்டு மாதம் போனதும் திரும்பக் கூப்பிடும். ஆனால் வருகிறவள் வேறு பெயரில் வரவேண்டும். பழைய பெயரில் வந்தால் பழைய நாட்களும் கூடவே வந்துவிடும் அல்லவா?

மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டை எழுதுகிற டைம்கீப்பரின் பெயர் சத்தியநேசன். பெற்றவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, பாவம். எழுபதாம் வருடம் சுசீலாபாய் இரண்டாம் முறை வந்து நின்றபோது அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சுசீலாபாய்னு ஒருத்தி போன வருஷத்தோட போயிட்டா, கேட்டியா? நீ புதுசு. உனக்க பேரு என்ன?"

சுசீலாபாய் களியக்காவிளைப் பக்கத்துச் சபையில் டீக்கனாராக இருந்தவருடைய மகள். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னாள். எலிசாள். அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது, ஆட்சேபிக்க மாட்டாள். அடுத்த வருடம் இறந்துபோன அத்தை செல்லபாய் வேலைக்கு வந்தாள். அதற்கடுத்து பெரியம்மா ரூத்தம்மாள். எழுபத்துமூன்றில் சத்தியநேசன், "மஸ்டர்ல கிறிஸ்தியானிப் பேரு கூடிப்போச்சு. ஒரு ஹிந்துப் பேரு பறை" என்றார். டீக்கனார் மகள் எட்டு மாதம் பார்வதியம்மாளாக இருந்தாள். பெயர் மாறிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் தந்துவிட்டதாக அவளே முடிவு செய்துகொண்டாள். எழுபத்துநாலில் சித்தி நேசம்மாள். சித்தி அப்போது உயிரோடுதான் இருந்தாள், ஆனால் இறந்தவர்கள் தீர்ந்துவிட்டார்களே, என்ன செய்வது?

பெயரைவிடப் பெரிய பிரச்சினை கையெழுத்து. "எல்லாம் ஒண்ணுபோல இருக்கப்படாது. இன்ஸ்பெக்டர் பிடிச்சா உனக்கும் ஜோலி இல்ல, எனக்கும் ஜோலி இல்ல" என்று சத்தியநேசன் முதல் நாளே எச்சரித்திருந்தார்.

சொன்னதை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் சுசீலாபாய்க்கு இல்லை. எட்டாம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்தவள், அழகான கையெழுத்துக்கு வெள்ளைக்காரத் துரைசானி கையால் பரிசு வாங்கியவள். எலிசாளுக்கு வலப்பக்கம் சாய்ந்த தமிழ். செல்லபாய்க்கு உருண்டை உருண்டையாக மலையாளம். ரூத்தம்மாளுக்கு வயதான கை, கொஞ்சம் நடுங்கும், கடைசி மெய்க்குப் புள்ளி விட்டுப்போகும். பார்வதியம்மாள் நிமிர்ந்து எழுதி அடியில் இரண்டு கோடு இழுப்பாள். நேசம்மாளுக்கு ஆங்கிலம், வாலில் ஒரு சுழிப்பு. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட ஒருத்தியின் கையை இன்னொருத்திக்கு அவள் மாற்றிப் போட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை.

மற்றப் பதினேழு பெண்களும் கைநாட்டு. எழுதத் தெரிந்தவள் சட்டம் பேசுவாள் என்று கம்பெனி பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த கைநாட்டுகள். லேபிள் தலைகீழாகப் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருத்திக்காவது எழுத்துத் தெரிய வேண்டும் என்றுதான் சுசீலாபாயை எடுத்தார்கள். பாவாடை மாமனின் கால் கீழே இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எட்டாம் வகுப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பாட்டில் கழுவுகிற மாடம்மாள் தென்காசிப் பக்கத்துக்காரி. ஐந்து வருடத்தில் ஐந்து பெயர், எல்லாவற்றுக்கும் ஒரே கட்டைவிரல். உனக்கும் கையெழுத்துப் போடச் சொல்லித் தருகிறேன் வா என்று சுசீலாபாய் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குக்கா அதெல்லாம்? எம்பேரே எனக்கு மறந்துபோச்சு. இந்த வருசம் நான் யாரு?"

"கோமதி."

"ஆங், கோமதி" என்று சொல்லிவிட்டு மாடம்மாள் அடுத்த பாட்டிலை எடுப்பாள்.

சுசீலாபாய்க்கு வேலை ஸ்திரமாக வேண்டும். வேறு எந்த ஆசையும் இல்லை. அவள் கணவன் ஞானையன் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கரமனையில் வாடகை வீட்டுக் கட்டிலில் இரண்டு வருடமாகக் கிடந்தான். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அங்கே போகத் தேவையான அட்டை ஸ்திரப்பட்டவர்களுக்குத்தான் என்பது கம்பெனி வழக்கம். செத்துப்போன எலிசாளுக்கும் செல்லபாய்க்கும் அட்டை தருவார்களா என்ன? அட்டை வேண்டுமென்றால் சுசீலாபாய் என்று ஒருத்தி மஸ்டரில் இருக்க வேண்டும்.

எழுபத்துநாலாம் வருடம் ஆடியில் சமரம், அதாவது வேலைநிறுத்தம், தொடங்கியது. யூனியன் என்பது ஸ்திரப்பட்ட அறுபது ஆண்களுக்கு மட்டும். பாய்லர் பார்க்கிற தங்கப்பன் தலைவர். நல்ல மனுஷன், குரல் அதைவிட நன்றாக இருக்கும். போனஸ், யூனிபாரம், சோப்பு, கேண்டீனில் தினமும் மீன்கறி என்று பதின்மூன்று கோரிக்கைகள் தயாராயின. பதின்மூன்றோடு நிறுத்தினால் ராசி சரியில்லை என்று யாரோ சொல்ல, தற்காலிகப் பெண்களை ஸ்திரமாக்கு என்று பதினான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். புரட்சி சில சமயம் இப்படியும் வரும்.

சேர்த்த கையோடு பெண்களைக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பெண்கள் முன்னால் இருந்தால் போலீஸ் லத்தி தயங்கும் என்பது தங்கப்பனின் அனுபவம். ஆண்கள் பின்னால் பந்தலில் இருந்து சமரத்தை வழிநடத்தினார்கள், சீட்டாட்டத்துக்கு நடுவே. கோஷ அட்டைகள் முழுவதையும் இரண்டு மொழியிலும் எழுதியது சுசீலாபாய். எழுத்தைப் பார்த்த தங்கப்பன், "சுசீலே, உனக்க எழுத்துக்கே கம்பெனி பேடிச்சுப்போவும்" என்றார். ஊர்வலம் கிள்ளிப்பாலம் வழியாகச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து பழவங்காடியைத் தாண்டி செக்ரட்டேரியட்டுக்குப் போனபோது, அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வியாபாரிகள் அட்டைகளைப் படித்துவிட்டு, "விஸ்கிக் கம்பெனியா!" என்று சிரித்தார்கள். சபைக்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அவள் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கோஷம் போட்டாள். குடிப்பவன் கையைத்தான் வேதம் தடுக்கிறது, ஒட்டுகிறவள் கையை அல்ல என்று அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை.

முப்பது நாள் வரைக்கும் ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. திருவனந்தபுரம் பார்க்காத சமரமா? பஸ் ஓடாமல் நடந்து போயிருக்கிறது, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகளை அடித்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறது, குப்பை அள்ளாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பிராந்திக் கடைகளில் பாவாடை மாமன் தீர்ந்துபோனான். அன்றைக்குத்தான் ஊருக்குத் தொழிலாளியின் கண்ணீர் தெரிந்தது. 'எத்தனை நாள் இந்த ஏழைகள் பட்டினி கிடப்பது?' என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. எதிரும் புதிருமாக இருந்த கட்சிகள் ஒரே மேடையில் ஏறின. ரிட்டயரான பெரிய அதிகாரி ஒருவர், சமரம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார். பாட்டாளிகள்மேல் இப்படி ஒரு பாசத்தை அந்த நகரம் அதற்கு முன்னும் காட்டியதில்லை, பின்னும் காட்டவில்லை.

மூன்றே நாளில் பேச்சுவார்த்தை முடிந்தது. நாற்பத்தோராவது நாள் ஒப்பந்தம். மீன்கறி வாரத்துக்கு மூன்று நாள் என்று குறைந்தது. பதினான்காவது கோரிக்கைக்கு மட்டும் மானேஜர் பேரம் பேசாமல் முதலிலேயே தலையாட்டினார். 'கம்பெனி மஸ்டரின்படி மூன்று வருடத்துக்குமேல் வேலை பார்த்த தற்காலிகத் தொழிலாளிகள் அனைவரும் ஸ்திரமாக்கப்படுவார்கள்.' முதலாளித்துவத்தின் மனம் மாறிவிட்டது என்று தங்கப்பன் பிரசங்கம் செய்தார். அவரைத் தோளில் தூக்கி ஆடினார்கள். சுசீலாபாய் வீட்டுக்கு ஓடி, "கால் சரியாவும், கேட்டுதா, கால் சரியாவும்" என்று ஞானையனிடம் சொல்லி அழுதாள். ஆறு வருடத்தில் அவள் சந்தோஷத்துக்கு அழுதது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் காலையில் சத்தியநேசன் ஆறு வருட மஸ்டரையும் மேஜைமேல் அடுக்கி வைத்துப் பார்த்தார். மூன்று வருடம் வேலை பார்த்தவள் ஒருத்தியும் இல்லை. இருநூற்று முப்பத்தெட்டு நாளுக்குமேல் உயிரோடு இருந்த பெண்ணே அந்த ஏட்டில் கிடையாது.

பெண்கள் மறுபடி கேட்டில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் உள்ளே போனார்கள். ஓணச் சரக்கு அவசரம், ஓவர்டைம் வேறு. ஆனாலும் தங்கப்பனை ஒரேயடியாகக் குறை சொல்லக் கூடாது. லேபர் ஆபீஸில் மனுக் கொடுத்தார். ஓணம் கழிந்ததும் விசாரணை வந்தது.

பதினெட்டுப் பெண்களும் லேபர் ஆபீசர் முன்னால் வரிசையாக நின்றார்கள். கம்பெனி வக்கீல், "மஸ்டரில் தொண்ணூற்றுச் சொச்சம் பெண்கள் இருக்கிறார்கள். இங்கே வந்திருப்பது பதினெட்டுப் பேர். மற்றவர்கள் எங்கே? இவர்கள்தான் அவர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். லேபர் ஆபீசர் தலையைச் சொறிந்தார். அப்போது ஃபைல் கட்டிக்கொண்டிருந்த ஹெட் கிளார்க் நாகேஸ்வரன், வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், தொண்டையைச் செருமினார்.

"பேரை மாத்திச் சொல்லலாம் சார். கட்டைவிரலை ஆத்தில் விட்டுட்டு வேற வாங்கிண்டு வந்திருக்க முடியுமோ?"

போலீஸ் இலாகாவிலிருந்து ரேகை நிபுணர் பூதக்கண்ணாடியோடு வந்தார். மூன்று நாள் குனிந்து பார்த்தார். லட்சுமியும் செண்பகமும் சரசுவும் வள்ளியும் கோமதியும் மாடம்மாளே என்று எழுதிக் கொடுத்தார். பதினேழு பேரும் தேறினார்கள். பொய் மஸ்டர் எழுதியதற்கு வழக்குப் போடட்டுமா என்று லேபர் ஆபீசர் கேட்டதும் மானேஜருக்கு வேர்த்துவிட்டது. பதினேழு பேரையும் ஸ்திரமாக்குகிறோம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக சுசீலாபாய். இவள் படித்தவள், இவளுக்கென்ன கவலை என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கையெழுத்து நிபுணர் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டார். 'ஆறு கையெழுத்தும் ஆறு வெவ்வேறு நபர்களுடையவை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான்காவது நபர் முதியவர்.'

சுசீலாபாய் பதறிப் போனாள். "எல்லாம் ஞான் எழுதினதாக்கும் சாரே. பேப்பர் தாங்க, இப்பமே எழுதிக் காட்டுதேன்."

நாகேஸ்வரன் தாளும் பேனாவும் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். சாய்ந்த தமிழில் எலிசாள். உருண்டை மலையாளத்தில் செல்லபாய். புள்ளி விட்டுப்போன ரூத்தம்மாள். கோடு இழுத்த பார்வதியம்மாள். சுழித்த நேசம்மாள். ஆறாவதாகத் தன் பெயர். மஸ்டரோடு வைத்துப் பார்த்தார்கள், இம்மி பிசகவில்லை. அறையில் எல்லாரும் அசந்துபோய் நின்றார்கள். மாடம்மாள் கைதட்டியே விட்டாள்.

வக்கீல் மட்டும் நிதானமாக எழுந்தார். "நன்றி. எங்கள் தரப்புக்கு இனிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த அம்மா யார் கையெழுத்தை வேண்டுமானாலும் போடுவார் என்பதை நம் கண்ணெதிரே நிரூபித்துவிட்டார். எலிசாள் முதலான ஐந்து பெண்களின் கூலியை இவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அந்த ஐந்து பேர் இப்போது எங்கே என்பதைப் போலீஸ்தான் விசாரிக்க வேண்டும்."

"அவியெல்லாம் ஞான்தானே!"

"அதற்குச் சாட்சி?"

"ஏன், நாங்க பதினேழு பேரு இருக்கோம்லா?" என்று மாடம்மாள் முன்னால் வந்தாள்.

"நீங்கள் வருடத்துக்கு ஒரு பொய்ப் பெயர் சொன்னவர்கள் என்று போலீஸ் நிபுணரே எழுதிக் கொடுத்திருக்கிறார்" என்றார் வக்கீல். "உங்கள் சாட்சியத்தை எப்படி அம்மா நம்புவது?"

லேபர் ஆபீசர் அன்றைக்கு அதற்குமேல் விசாரிக்கவில்லை. வராந்தாவில் தங்கப்பன் சுசீலாபாயை ஒதுக்கமாகக் கூட்டிப் போனார். அவ்வளவு தாழ்ந்த குரல் அவருக்கு உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"சுசீலே, ஒண்ணு ஆலோசிச்சுப் பாரு. கள்ளக் கையெழுத்துக் கேசு போடுவேன்னு வக்கீலு பறையுதாரு. கேசு வந்தா மஸ்டரு கோர்ட்டுக்குப் போவும், பதினேழு பேருக்க ஆர்டரும் நின்னுபோவும். நீ மனுவத் திரும்ப வாங்கிட்டா அவரும் கேசு போட மாட்டாரு. சுசீலாபாய்ங்கிற பேரு மட்டும் இனி மஸ்டர்ல வரப்படாதாம். தொழிலாளி ஐக்கியமாக்கும் பெரிசு, இல்லியா?"

"எனக்க மாப்பிளைக்க ஆபரேஷனு?"

"அதுக்கு நாம அடுத்த ஒப்பந்தத்துல ஒரு வழி பாக்கலாம்."

 நாற்பது நாள் வெயிலில் உட்கார்ந்தது, தொண்டை கட்டக் கோஷம் போட்டது, ஊரெல்லாம் தூக்கித் திரிந்த அட்டைகளை விரல் வலிக்க எழுதியது எல்லாம் இந்த மனுஷனுக்கு மறந்தேபோயிற்றா? கேட்க வாயெடுத்தவள், வராந்தா மூலையில் ஒன்றும் புரியாமல் நிற்கிற பதினேழு பேரையும் பார்த்தாள். மாடம்மாள் ஸ்டாம்ப் மை அப்பிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். சுசீலாபாய் உள்ளே திரும்பிப் போனாள். மனுவைத் திரும்பப் பெறுவதாக நாகேஸ்வரன் எழுதிய தாளில், துரைசானி பரிசு கொடுத்த அதே கையெழுத்தில், தன் சொந்தப் பெயரை நிறுத்தி எழுதினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மாடம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "உங்களுக்கு எழுத்துத் தெரியாமலே இருந்திருக்கலாம்லாக்கா." ஆறுதல் சொல்லத்தான் வந்தவள், பாவம், உண்மையைச் சொல்லிவிட்டாள்.

ஐப்பசி மழையில் கம்பெனி மறுபடி தற்காலிகத்துக்கு ஆள் எடுத்தது. புது ஆட்கள் கேட்டில் வரிசையாக நின்றார்கள். யூனிபாரம் போட்ட மாடம்மாள் அட்டையைக் காட்டி உள்ளே போகும்போது வரிசையில் சுசீலாபாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஞானையன் அதே கட்டிலில் கிடந்தான். கால் இப்போது இன்னும் மெலிந்திருந்தது.

சத்தியநேசன் புது மஸ்டரைப் பிரித்து வைத்திருந்தார். அவரும் மனுஷன்தானே, அவள் முகத்தை நேராகப் பார்க்க அவருக்குக் கூசியது. "என்ன பேரு போடட்டும்?" என்று ஏட்டைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு எது தோணுதோ அதப் போடுங்க சாரே."

அவர் ஏதோ ஒரு பெயரை எழுதினார். அவள் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பேனாவை நீட்டியபோது அதைத் தொடாமல், மேஜை ஓரத்தில் இருந்த ஸ்டாம்ப் பேடைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டைவிரலை நன்றாக அழுத்தி உருட்டி, ரேகை ஒன்றுவிடாமல் விழும்படி மஸ்டரில் பதித்தாள்.

"சுசீலே, நீ நல்லா எழுதுதவளில்லியா?" என்றார் சத்தியநேசன், மனசு கேட்காமல்.

அவள் விரலைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"சுசீலாவா? அது ஆரு சாரே?"